பின்சீட்டுக்கு அடியில்

போன் அடித்தபோது மில்லுக்காரர் கொல்லைத் தாழ்வாரத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி பிடித்த மழை விடிந்தும் விட்டபாடில்லை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் உள்ளே மனைவி பேசியது எதுவும் காதில் விழவில்லை. அவளே கொல்லைப்படி வரை வந்து போனை நீட்டினாள். இந்த நேரத்தில் போன் என்றதும் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்.

"சார், ஆஸ்பத்திரிலேருந்து பேசறேன். உங்க வீட்டம்மாவுக்கு ஒரு கிட்னி வந்திருக்கு. குரூப்பெல்லாம் பொருந்துது. பத்து மணிக்குள்ள இங்க இருக்கணும். பச்சத் தண்ணிகூடக் குடுக்காதீங்க."

வாயில் நுரையோடு, "சரிம்மா, சரிம்மா" என்றார்.

"வர முடியாத மாதிரி இருந்தா இப்பவே சொல்லிருங்க சார். அடுத்து இருக்கிறவங்களையும் கூப்பிட்டு வெச்சிருக்கோம். நேரம் தவறினா அவங்களுக்குப் போயிரும். எங்க கையில இல்ல."

"ஐயையோ, அப்படிச் சொல்லாதம்மா. கிளம்பிட்டோம். வண்டில ஏறியாச்சு."

நுரையைத் துப்பிவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள். முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே பை கட்டி, உடம்பெல்லாம் சாம்பல் பூத்துப்போயிருந்த அவள் முகத்தில் சந்தோஷமா பயமா என்று சொல்ல முடியாத ஒன்று வந்து நின்றது.

"அங்க யாரோ போய்ச் சேந்திருக்காங்க, இல்ல?" என்றாள்.

"அத அப்புறம் யோசிச்சுக்கலாம். எந்திரி, புடவைய மாத்து."

மூன்று வருஷமாக இதற்காகத்தான் காத்திருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் அவளை மெஷினில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குப் பஸ்ஸில் போய்வந்து அவள் ஒருநாள் படிக்கட்டிலிருந்து மயங்கி விழுந்த பிறகுதான், யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு சின்னக் காரை மில்லுக்காரர் வாங்கினார். அவர் மாவு மில்லில் அரவைக்காரர். மெஷினுக்கு அவளைக் கூட்டிப்போகாத நாட்களில் அதே காரில் மாவு மூட்டைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவார். வண்டிக்குள் எப்போதும் மாவு வாசனை. கறுப்புச் சட்டை போட்டவர்கள் யாரும் அதில் ஏறிவிட்டுக் கறுப்புச் சட்டையோடு இறங்கியதில்லை.

அவள் பையோடு வந்து ஏறினாள். அவர் சாவியைத் திருப்பினார்.

டக்.

அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். டக். முன்னால் இருந்த சிவப்பு விளக்கு மங்கி, சாகப்போகும் மின்மினி மாதிரி ஒரு தடவை கண்ணைச் சிமிட்டி அணைந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. பேட்டரி இறங்கியிருக்கு."

அண்ணாந்து பார்த்தார். கூரை விளக்கின் பொத்தான் 'ஆன்' பக்கம் இருந்தது. நேற்று சாயங்காலம் மழையில் அவசர அவசரமாக மூட்டை இறக்கினார். அப்போது போட்ட விளக்கை அணைக்கவே இல்லை. தன் தலையில் தானே நறுக்கென்று ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

தெரு கொஞ்சம் சரிவு. தள்ளிவிட்டால் கிளம்பிவிடும் என்ற தைரியத்தில் மாடி வீட்டு டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் தனியாக இருப்பவர், பள்ளிக்கூடத்தில் ஒரு அதட்டுப் போட்டால் தெருமுனை வரை கேட்கும். விஷயத்தைக் கேட்டதும் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்.

"நீங்க உள்ள உக்காருங்க. நான் தள்றேன்."

"உங்களால முடியுமா டீச்சர்?"

"அறுபது புள்ளைங்கள மேய்க்கிறேன். இது என்ன பிரமாதம்? உக்காருங்க!"

கார் மெல்ல நகர்ந்து சரிவில் வேகம் பிடித்தது. மில்லுக்காரர் இரண்டாவது கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டார். வண்டி வெட்டி இழுத்தது. இஞ்சின் கக்கக் கக்கவென்று இருமியது. பற்றிக்கொள்ளவில்லை. மறுபடி விட்டார். மறுபடி இருமல். சரிவு முடிந்து, தெருக் கடைசியில் தேங்கி நின்ற மழைத் தண்ணீரில் போய்க் கார் உட்கார்ந்துகொண்டது. வாசலில் இருந்த வண்டி இப்போது குட்டைக்குள். டீச்சர் பின்னால் சேறு தெறித்த முகத்தோடு மூச்சு வாங்கினார்.

மில்லுக்காரர் டாக்சிக்காரர் ஒருவருக்குப் போன் போட்டார். "அண்ணே, பாலத்து மேல தண்ணி ஓடுது. வண்டியெல்லாம் இந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு" என்றார் அவர். ஆஸ்பத்திரி இருந்த பெரிய ஊருக்குப் பாலத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் வண்டிகள் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆம்புலன்ஸுக்குப் போட்டார். அவர்களும் அந்தப் பக்கம்தான். சுற்றி வர வேண்டும், வழியில் மரம் வேறு விழுந்து கிடக்கிறது, எப்போது வருவோம் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

"டூவீலர்ல போயிரலாமா?" என்றார் மில்லுக்காரர். கேட்கும்போதே அது ஆகாத காரியம் என்று அவருக்குத் தெரியும். இரண்டு மணி நேர ஓட்டம், இந்த மழையில். பத்தடி நடந்தாலே சுவரைப் பிடிக்கிறவள்.

அவள் கண்ணாடி வழியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அண்ணனக் கூப்பிடுங்க."

அவர் சாவியை இன்னொரு தடவை திருப்பினார். டக்.

"என்னங்க, காதுல விழுதா?"

"அவன் மூஞ்சில முழிக்கிறதுக்கு..."

"முழிக்கிறதுக்கு? சொல்லுங்க. செத்துப்போன்னு என்னைச் சொல்றீங்களா?"

அவளுடைய அண்ணன் மெக்கானிக். அடுத்த தெருவில்தான் வீடு, வீட்டை ஒட்டியே ஷெட். ஊரில் 'போல்ட்டு' என்றால்தான் தெரியும். போன வருஷம் அவன்தான் தன் கிட்னியைக் கொடுப்பதாக முன்வந்தான். எல்லா டெஸ்ட்டும் எடுத்து, எல்லாம் பொருந்தி, நாளும் குறித்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அன்று காலையில் ஆளைக் காணோம். போனை அணைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டான். ரெண்டு நாள் கழித்து வந்தவன் தங்கையின் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 'பயந்துட்டான், பாவம்' என்று அவள் சொன்னாள். மில்லுக்காரருக்கு மனசு ஆறவில்லை. வழியில் அவனைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். வண்டி ரிப்பேர் என்றால் பாலம் தாண்டிப் போய் வேறு ஆளிடம் பார்ப்பார். கண்ணெதிரே ஒருத்தியைச் சாகவிட்டவன் என்று மில்லில் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்.

இப்போது அதே வீட்டுக் கதவை முழுக்க நனைந்துபோய்த் தட்டினார்.

திறந்தது போல்ட்டின் மனைவி. இவரைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "என்ன தம்பி? அவளுக்கு ஏதாவது..."

"கார் கிளம்பல."

"என்னது?"

"ஆஸ்பத்திரில கிட்னி வந்திருக்குக்கா. பத்து மணிக்குள்ள போவணும். கார் கிளம்பல."

அவளுக்குப் பின்னால் இருட்டுக்குள்ளிருந்து போல்ட்டு வந்தான். பனியனும் கைலியும். கையில் டீத் தம்ளர். மில்லுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தார், முடியவில்லை. போல்ட்டு தம்ளரை அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

"என்ன சத்தம் வருது?"

"டக்குனு ஒரு சத்தம். விளக்கு எரியவிட்டுட்டேன். தள்ளிப் பாத்தோம், இருமுது, பிடிக்கல."

"உங்க ஷெட்ல ஒரு வண்டியும் இல்லியா?" என்று போல்ட்டின் மனைவி புருஷனைக் கேட்டாள்.

"நிக்கிறது நாலு. நாலையும் குடலை உருவிப் போட்டிருக்கேன்."

ஷெட்டுக்குள் ஓடி ஒரு பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு, டூல்ஸ் பையை மில்லுக்காரர் கையில் திணித்தான். இருவரும் மழையில் ஓடினார்கள்.

தங்கை காரின் முன்சீட்டில் இருந்தாள். கண்ணாடியை இறக்கினாள். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"இளைச்சுட்டியேண்ணா" என்றாள்.

அவன் முன்னால் போய்ப் பானெட்டைத் தூக்கினான்.

பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதை வைத்து முறுக்கினான். "இப்ப போடு." மில்லுக்காரர் சாவியைத் திருப்பியதும் இஞ்சின் கரகரவென்று சுற்றியது. அவருக்கு உயிர் வந்தது. ஆனால் சுற்றுகிறதே தவிரப் பிடிக்கவில்லை. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"நிறுத்து நிறுத்து! புது பேட்டரியையும் சாவடிச்சிராத." போல்ட்டு முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். "பெட்ரோல் இருக்கா?"

"முந்தாநாள்தான் போட்டேன்."

"கண்ணாடிய ஏத்து. சாவிய ஆன் மட்டும் பண்ணு, சுத்தாத. யாரும் பேசாதீங்க."

பின்கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டு, பின்சீட்டில் காதை வைத்துக் குப்புறப் படுத்தான். டீச்சர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். கூரையில் மழை கொட்டியது.

"ஆன் பண்ணு... அணை. மறுபடி ஆன் பண்ணு."

தலையை வெளியே எடுத்தான். "பம்ப்பு ஓடல. சாவி போட்டதும் அடியில ஙொய்யினு ஒரு சத்தம் வரணும். வரல. இஞ்சினுக்குப் பெட்ரோலே போவல."

"அப்ப பம்ப்பு போயிருச்சா?" என்றார் மில்லுக்காரர். பம்ப்பு போயிருந்தால் அந்த மழையில் எங்கே போய் வாங்குவது?

"இரு. பம்ப்பா, கரண்ட்டா பாப்போம்."

ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. பம்ப்புக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலே என்ற சின்னக் கறுப்புப் பெட்டியைப் பிடுங்கினான். ஹாரனுக்கும் அதே மாதிரி ஒன்றுதான். அதை எடுத்து இதன் இடத்தில் செருகினான். "போடு." சத்தம் இல்லை. பிடுங்கிய ரிலேயை ஹாரன் இடத்தில் வைக்கப் போனபோது விரல் வழுக்கியது. அது டயரில் பட்டுத் துள்ளிக் குட்டைத் தண்ணீருக்குள் போய்விட்டது. போல்ட்டு குனிந்து தண்ணீரைத் துழாவினான். அவன் கை வெடவெடவென்று நடுங்கியது.

மில்லுக்காரருக்கு அவ்வளவு நேரமும் அடக்கிவைத்திருந்தது பொத்துக்கொண்டது.

"அன்னிக்கும் உனக்குக் கைகால் நடுங்கிச்சு. இன்னிக்கும் நடுங்குதா? எம் பொண்டாட்டியைக் கொல்றதுன்னே முடிவு பண்ணிட்டியாடா?"

டீச்சர், "சார்!" என்று அதட்டினார்.

காருக்குள்ளிருந்து அவள் கத்தினாள். அந்த உடம்பில் அவ்வளவு குரல் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். "வாய மூடுங்க! பாவி மனுசா, வாய மூடுங்க! அண்ணா, நீ அதைத் தேடாத. வேலையப் பாரு. உன்னைத்தான் நம்பி உக்காந்திருக்கேன்."

போல்ட்டு நிமிர்ந்தான். மழையில் அவன் முகத்தில் இருந்தது எது என்று தெரியவில்லை. மில்லுக்காரரைத் திரும்பிப் பார்க்காமல் பின்கதவுக்குப் போனான். சீட்டின் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவையில் பெயர்த்து எடுத்துத் தெருவில் வீசினான்.

சீட்டுக்கு அடியில் மாவு விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது. அதற்கு நடுவே கிழிந்த சாக்கும் பஞ்சும் காகிதத் துணுக்கும் வைத்து அழகாக ஒரு கூடு. சுற்றிலும் எலிப் புழுக்கை. கூட்டை ஒட்டிப் போன ஒயர்களின் மேல்தோலெல்லாம் கொறித்து, செம்புக் கம்பி பல் தெரிவதுபோலத் தெரிந்தது. ஒரு ஒயர் இரண்டாகவே போயிருந்தது.

"மாவு மூட்டைய இங்கதான் ஏத்துவியா?" என்றான் போல்ட்டு. கோபமாகக் கேட்கவில்லை.

மில்லுக்காரர் குனிந்து கூட்டைப் பார்த்தார். எலிக்கு விருந்துவைத்து வீடும் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். மெஷினிலிருந்து திரும்பும்போது அவள் படுத்துவந்த அதே சீட்டுக்கு அடியில். இதைவிட யாராவது அவரை நாலு அறை அறைந்திருந்தால் தேவலை.

"குடையப் பிடிங்க டீச்சர். ஒரு சொட்டு உள்ள விழக்கூடாது. மாப்ளே, இங்க வா. இந்த ரெண்டு முனையையும் பிடி. ஆட்டாத."

மாப்ளே என்றான். மில்லுக்காரர் முழங்கால் போட்டு உள்ளே குனிந்து இரண்டு முனையையும் பிடித்தார். இப்போது அவர் விரல்தான் நடுங்கியது. போல்ட்டு பல்லால் ஒயரின் தோலைச் சீவினான். கம்பிகளைப் பின்னி முறுக்கினான். டேப்பைக் கடித்து இழுத்து, ஈர விரலில் அது ஒட்டிக்கொள்ள, கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்து, கைலியில் விரலைத் துடைத்து மறுபடி சுற்றினான். கொறித்திருந்த மற்ற ஒயர்களையும் தனித்தனியாகச் சுற்றிப் பிரித்துவைத்தான். இருவர் தலையும் அந்தக் குறுகிய இடத்தில் இடித்துக்கொண்டன. முன்சீட்டில் இருந்தவள் திரும்பி அந்த இரண்டு தலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவிய ஆன் பண்ணு தங்கச்சி."

அவள் எட்டித் திருப்பினாள்.

ஙொய்ய்ய்.

டீச்சர் குடையோடு சேர்ந்து ஒரு துள்ளு துள்ளினார். போல்ட்டு சுற்றி ஓடி டிரைவர் சீட்டில் ஏறி சாவியை முழுவதும் திருப்பினான். இஞ்சின் ரெண்டு சுற்றுச் சுற்றி, இருமி, பிடித்துக்கொண்டது. பின்னால் சைலன்சர் வாயில் குட்டைத் தண்ணீர் குமிழியிட்டது.

"ஏறு மாப்ளே!"

"நான் ஓட்டுறேன், நீ..."

"வழியில நின்னா நீ என்ன பண்ணுவ? ஏறு!"

தெருவில் வீசிய சீட்டு சேற்றில் ஊறிப்போயிருந்தது. டீச்சர் மாடிக்கு ஓடித் தன் மெத்தையைக் கொண்டுவந்து மடித்துப் பின்னால் போட்டார். சாய்ந்துகொண்டு வரட்டும் என்று அவளைக் கைத்தாங்கலாக அதில் உட்காரவைத்தார்கள். டீச்சர் கதவைச் சாத்தும்போது, "நல்லபடியா போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

ரிலே குட்டையில் போய்விட்டதால் ஹாரன் இல்லாத பயணம் அது. போல்ட்டு கண்ணாடியை இறக்கி, மழைச் சாரல் முகத்தில் அடிக்க, "ஓரம்! ஓரம் போ! ஏய், மாட்டை ஓட்டுய்யா!" என்று கத்திக்கொண்டே ஓட்டினான். இந்தப் பக்கம் கண்ணாடியை இறக்கி மில்லுக்காரரும் கத்தினார். ஒரு லாரிக்காரன் இவர்களைப் பார்த்துப் பைத்தியங்கள் என்று நினைத்தோ என்னவோ வழிவிட்டான்.

சாலை இறங்கும் ஓரிடத்தில் வயல் தண்ணீர் குறுக்கே ஓடியது. முன்னால் போன வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. போல்ட்டு நிறுத்தவில்லை. முதல் கியரில் இஞ்சினைக் கதறவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினான்.

"நடுவுல கால எடுத்தா முடிஞ்சுது" என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல. "எடுக்க மாட்டேன். எடுக்க மாட்டேன்."

தண்ணீர் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து மில்லுக்காரரின் பாதத்தை நனைத்தது. பின்னால் டேப் சுற்றிய ஒயருக்கு மேலே மெத்தையில் உட்கார்ந்திருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி மேடேறியதும் மூன்று பேரும் ஒன்றாக மூச்சுவிட்டார்கள்.

"எதுக்குண்ணா ரோட்டைப் பாக்காம கண்ணாடில என்னையே பாத்துட்டு வர்ற?" என்றாள்.

"தூங்கிட்டியோன்னு பாத்தேன்."

"செத்துட்டேனோன்னு பாத்தேன்னு சொல்லு."

"சும்மா வா, கழுதை" என்றான்.

பெரிய ஊரின் எல்லையைத் தொட்டபோது போன் வந்தது. "சார், எங்க இருக்கீங்க? அடுத்தவங்க வந்து உக்காந்துட்டாங்க. டாக்டர் கேக்கறார்."

"வாசல்லதாம்மா நிக்கிறோம். வண்டியைத் திருப்பிட்டிருக்கோம்" என்றார் மில்லுக்காரர். எதிரே ஆஸ்பத்திரி இல்லை, ஒரு பெட்ரோல் பங்க்கும் ஒரு நீண்ட வண்டி வரிசையும்தான் இருந்தன. போனை வைத்துவிட்டு, "ஏறு, நடைபாதையில ஏறு" என்றார். வாழ்க்கையில் ஒரு சைக்கிளைக்கூடத் தவறான பக்கம் ஓட்டாத மனுஷன் அவர்.

வாசலில் சக்கர நாற்காலியோடு ஆள் தயாராக நின்றார். அவளை ஏற்றி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கூடவே ஓடிய மில்லுக்காரர் தாழ்வாரத்தில் பெஞ்சில் இருந்த ஒருவரைப் பார்த்தார். அதே வீங்கிய முகம், அதே சாம்பல் நிறம், மடியில் பை. பக்கத்தில் ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி உள்ளே போவதை இருவரும் பார்த்தார்கள். அந்த ஆள் மெதுவாகப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மில்லுக்காரர் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினார். பாதியில் என்ன செய்வதென்று தெரியாமல் கையை இறக்கிக்கொண்டார்.

கதவுக்குள் போகும் முன் அவள் திரும்பி, "அண்ணன் எங்க?" என்றாள்.

"வெளிய இருக்கான்."

"அவனை எதுவும் சொல்லாதீங்க."

கதவு மூடியது.

போல்ட்டு உள்ளே வரவில்லை. காரிலேயே இருந்தான். மில்லுக்காரர் இடையில் ஒரு தடவை வெளியே வந்து பார்த்தார். இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கைலி உடம்பிலேயே காய்ந்துகொண்டிருந்தது. "உள்ள வா" என்று கூப்பிட நினைத்தார். இரண்டு டீ வாங்கி, ஒன்றைக் கண்ணாடி வழியே நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான்.

"டெஸ்ட்ல ரத்தம் சேந்துதா?" என்றான்.

"சேந்துருச்சாம். தியேட்டருக்குக் கொண்டு போயிட்டாங்க."

"வலிக்குமா?"

"மயக்கத்துலதான இருப்பா."

போல்ட்டு டீயைக் குடிக்காமல் ஆறவிட்டான். மில்லுக்காரர் உள்ளே திரும்பினார். மத்தியானம் போனது. யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், இவர் மனைவியின் பெயரைச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்து, உட்கார்ந்து, எழுந்து, கடைசியில் கதவுக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் பச்சை உடுப்போடு டாக்டர் வந்தார். களைத்துப்போயிருந்தார். முகக்கவசத்தை இறக்கிவிட்டு ஏதேதோ சொன்னார். மில்லுக்காரருக்கு அதில் ஒன்றுதான் விளங்கியது. அதைத் திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். டாக்டர் சிரித்து, "ஆமாம்" என்றார்.

மில்லுக்காரர் ஓடினார். தாழ்வாரத்தில் எதிரே வந்த நர்சை இடித்தார். படிகளில் இறங்கி, மழை விட்டு ஈரமாகக் கிடந்த முற்றத்தைக் கடந்து, வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடினார்.

"மச்சான்! மச்சான்! மூத்திரம் வந்துருச்சு!"

தாழ்வாரத்திலும் மரத்தடியிலும் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். போல்ட்டு கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

"என்னது?"

"வெச்சவுடனே வந்துருச்சாம் மச்சான்! மேசையிலயே! மூணு வருஷமா ஒரு சொட்டு இல்ல, இப்பப் பை ரொம்பிட்டு இருக்காம். ஒரு பைய மாத்தி அடுத்த பை போட்டிருக்காங்களாம்!"

போல்ட்டு கார் கதவைப் பிடித்துக்கொண்டான். உதடு கோணியது. கிரீஸும் மாவும் சேர்ந்து அப்பியிருந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதான். மில்லுக்காரர் அவன் தோளைப் பிடித்து ஆட்டினார். அவருக்கும் கண் மறைத்தது.

"இன்னொரு தடவ சொல்லு மாப்ளே" என்றான்.

"மூத்திரம் வந்துருச்சு!"

வாட்ச்மேன் கம்பைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன சார் இது, ஆஸ்பத்திரில நின்னுக்கிட்டு இப்படிக் கத்துறீங்க? அசிங்கமா இல்ல?"

மில்லுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடமும் சொன்னார்.